முதலிடத்தில் இருக்கும் அணி தன் க்ளோசரை விற்கலாமா?

2022 ஆகஸ்ட் 1ஆம் தேதி மில்வாக்கி ப்ரூவர்ஸ் என்ற அமெரிக்க பேஸ்பால் அணி தன் பிரிவில் மூன்று ஆட்ட முன்னிலையோடு முதலிடத்தில் இருந்தது. அன்றைக்குத்தான் தன் நட்சத்திர க்ளோசர் (கடைசி இன்னிங்ஸை முடிக்கும் பந்துவீச்சாளர்) ஜாஷ் ஹேடரைச் சான் டியாகோ பாட்ரேஸுக்குக் கொடுத்துவிட்டு நான்கு பேரை வாங்கிக்கொண்டது. கடைசியில் பிளேஆஃபுக்கே (அக்டோபரில் நடக்கும் கோப்பைச் சுற்று) போகவில்லை. இதைப் பார்த்த பிறகும் பேஸ்பால் அணிகள் ஏன் க்ளோசரைக் கொடுத்து இளம் வீரர்களை வாங்குகின்றன, இது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி ஒன்றாகத் தெரிந்தாலும் உள்ளே மூன்று இருக்கின்றன. க்ளோசர் உண்மையில் எத்தனை வெற்றி பெறுவார்? கைக்கு வரும் இளைஞர்கள் தேறுவார்களா? எந்தத் தேதியில் விற்பது? முதல் கேள்விக்குக் கிட்டத்தட்ட உறுதியான விடை உண்டு. இரண்டாவதற்கு நிகழ்தகவு மட்டும்தான் உண்டு. பெரும்பாலான அணிகள் சறுக்குவது மூன்றாவதில். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விற்கலாம், பல சமயம் விற்கத்தான் வேண்டும். ஆனால் முதலிடத்தில் இருக்கும் அணி ஜூலைக் கடைசியில் (பருவத்தின் வியாபாரக் கெடு அப்போதுதான்) விற்கக்கூடாது. டிசம்பர் வரை பொறுக்க வேண்டும். இதற்கு ஆதாரமும் அதே மில்வாக்கியிடமே இருக்கிறது.

க்ளோசரின் வேலை என்ன என்பதைப் புதியவர்களுக்காக ஒரு பத்தியில் சொல்லிவிடலாம். இருபது ஓவர் கிரிக்கெட்டில் கடைசி ஓவரைப் போடுவதற்கென்றே வைத்திருக்கும் பந்துவீச்சாளரைப் போல, பேஸ்பாலில் ஒன்பதாவது இன்னிங்ஸை முடிப்பதற்கென்றே ஒருவர் இருப்பார். தன் அணி மூன்று ரன்னுக்கு மிகாத முன்னிலையில் இருக்கும்போது வந்து, ஒரு இன்னிங்ஸாவது வீசி, முன்னிலையை விடாமல் ஆட்டத்தை முடித்தால் அவர் கணக்கில் ஒரு 'சேவ்' ஏறும். (சமன் செய்யும் ரன்னை எடுக்கக்கூடியவர் பேஸிலோ, மட்டையோடோ, அடுத்து வரக் காத்தோ நிற்கும்போது வந்து முடித்தாலும் சேவ்தான், மூன்று இன்னிங்ஸ் வீசி முடித்தாலும் உண்டு.) 1969இலிருந்து இது அதிகாரபூர்வ புள்ளிவிவரம். சம்பளப் பேச்சில் இந்த எண்ணுக்கு இன்னமும் மதிப்பு இருக்கிறது. களத்தில் அதன் மதிப்பு அவ்வளவு இல்லை என்பதுதான் இந்த வியாபாரத்துக்கே அடிப்படை.

கணக்கைப் பாருங்கள். பருவத்துக்கு 162 ஆட்டம், ஓர் அணியின் பிட்சர்கள் (பந்துவீச்சாளர்கள்) மொத்தமாக வீசுவது சுமார் 1,440 இன்னிங்ஸ். அதில் க்ளோசரின் பங்கு 60 முதல் 70 வரை. நூற்றில் ஐந்துகூட இல்லை. நெருக்கடியான நேரத்தில் வீசுவதால் அந்த ஒவ்வொரு இன்னிங்ஸும் சாதாரண இன்னிங்ஸைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு பெறும் என்று வைத்துக்கொண்டாலும், மிகச் சிறந்த க்ளோசர் ஒரு முழுப் பருவத்தில் கூட்டித் தரும் வெற்றி இரண்டு, அபூர்வமாக மூன்று. தினமும் களமிறங்கும் சராசரியான ஷார்ட்ஸ்டாப்போ சென்டர் ஃபீல்டரோ அதே இரண்டைத் தந்துவிடுகிறார். ஜூலைக் கடைசியில் பருவத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். அதாவது இருபது சொச்சம் இன்னிங்ஸ், பதினைந்து சேவ் வாய்ப்பு. நல்ல க்ளோசர் நூற்றுக்குத் தொண்ணூறைக் காப்பாற்றுவார், சுமாரானவர் எண்பதை. பதினைந்தில் அந்த வித்தியாசம் ஒன்றரை ஆட்டம்.

அந்த ஒன்றரையும் முழு இழப்பு ஆகாது. க்ளோசர் போனால் ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு வருபவர் தெருவில் போகிற யாரோ இல்லை. எட்டாவதை வீசிக்கொண்டிருந்தவர் ஒன்பதாவதுக்கு வருவார், ஏழாவதை வீசியவர் எட்டாவதுக்கு. ஓட்டை விழுவது வரிசையின் கடைசியில், அதிக அழுத்தம் இல்லாத இடத்தில். எட்டு இன்னிங்ஸ் முடிவில் முன்னிலையில் இருக்கும் அணி ஏறக்குறைய நூற்றுக்கு 95 ஆட்டங்களை வெல்கிறது. க்ளோசர் என்ற பதவியே இல்லாத காலத்திலும் இந்த விகிதம் இதற்கு மிக அருகில்தான் இருந்தது.

க்ளோசர்கள் பெரும்பாலும் பிறப்பதில்லை, தேறாத ஸ்டார்ட்டர்களிலிருந்து (ஆட்டத்தைத் தொடங்கிப் பல இன்னிங்ஸ் வீசுபவர்கள்) வார்க்கப்படுகிறார்கள். இரண்டு வகைப் பந்து மட்டும் நன்றாக வரும், மூன்றாவது வராது. அல்லது ஆறு இன்னிங்ஸுக்குத் தோள் தாங்காது. அப்படிப்பட்டவரை ஒரே இன்னிங்ஸ் வீசச் சொன்னால் வேகம் மணிக்கு இரண்டு மூன்று மைல் கூடும், பலவீனம் மறைந்துவிடும். ஓக்லண்ட் இதை வைத்தே பிழைத்தது. 1999 ஜூலையில் பில்லி டெய்லரை நியூயார்க் மெட்ஸுக்குக் கொடுத்து ஜேசன் இஸ்ரிங்ஹவுசனை வாங்கினார்கள். ஸ்டார்ட்டராகக் காயங்களோடு தடுமாறியவரை க்ளோசர் ஆக்கினார்கள். அவர் 2001க்குப் பின் சந்தைக்குப் போனதும் பில்லி கோச்சைக் கொண்டுவந்தார்கள். 2002இல் 44 சேவ். உடனே அவரைச் சிகாகோ வைட் சாக்ஸுக்கு விற்று கீத் ஃபோக்கை வாங்கினார்கள். அடுத்த ஆண்டு சிகாகோவில் கோச்சின் ஈ.ஆர்.ஏ 5.77, ஓக்லண்டில் ஃபோக் 43 சேவ் எடுத்தார். ஈ.ஆர்.ஏ என்பது ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகக் கொடுத்த ரன். 3க்குக் கீழே இருந்தால் நல்ல ரிலீவர் (ஸ்டார்ட்டருக்குப் பின் வந்து வீசுபவர்), 5க்கு மேலே போனால் ஆபத்து.

இவ்வளவு சொற்ப மதிப்பு என்றால் எதிரே இருப்பவர் ஏன் விலை கொடுக்கிறார்? அவர் வாங்குவது ஆகஸ்டுக்காக அல்ல, அக்டோபருக்காக. பிளேஆஃபில் ஆட்டங்களுக்கு நடுவே ஓய்வு நாள் வருகிறது. 162 ஆட்டப் பருவத்தில் ஐந்து வீத இன்னிங்ஸ் வீசுபவரை அப்போது பத்து, பதினைந்து வீதம் வீசவைக்கலாம். 2016இல் கிளீவ்லண்ட் ஆண்ட்ரூ மில்லரை ஒன்பதாவதுக்குக் காத்திருக்கவிடாமல் ஐந்தாவது, ஆறாவது இன்னிங்ஸிலேயே இறக்கியது. அந்த அக்டோபரில் அவர் 19.1 இன்னிங்ஸ் வீசி 30 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே, அது சேவ் எண்ணிக்கையை வைத்துத் தரப்பட்டதல்ல.

இந்த அக்டோபர் மதிப்பை மேனேஜரே வீணடிக்கவும் முடியும். அதே 2016இல் பால்டிமோர் ஓரியோல்ஸின் ஜாக் பிரிட்டன் 47 வாய்ப்பில் 47 சேவ், ஈ.ஆர்.ஏ 0.54. பிளேஆஃபின் முதல் படியான வைல்ட் கார்ட் ஆட்டம் டொரன்டோவில் 11ஆவது இன்னிங்ஸ் வரை போயிற்று. சேவ் சூழ்நிலைக்காகக் காத்து அவரை இறக்கவே இல்லை, தோற்றார்கள். 2022 அக்டோபர் 23 அன்று ஹேடருக்கும் இதுவே நடந்தது. ஃபிலடெல்பியாவில் எட்டாவது இன்னிங்ஸில் ப்ரைஸ் ஹார்பர் இரண்டு ரன் ஹோம் ரன் அடித்தபோது ஹேடர் புல்பென்னில் (ரிலீவர்கள் காத்திருக்கும் இடம்) இருந்தார். பாட்ரேஸ் 4–3 என்று தோற்று வெளியேறியது. வாங்கிய பொருளைப் பயன்படுத்தத் தெரியாவிட்டால் கொடுத்த விலைக்கு அர்த்தமில்லை. விற்பவருக்கு இது கவலையில்லை என்றாலும், தங்கள் மேனேஜர் எந்த ரகம் என்பதை விற்குமுன் யோசிப்பது நல்லது. சேவுக்காக மட்டுமே க்ளோசரை வைத்திருக்கும் மேனேஜரிடம் அவர் இன்னும் கொஞ்சம் மலிவான சொத்துதான்.

விற்பனைக்குச் சாதகமான மிக வலுவான வாதம் கை. ஒரே இன்னிங்ஸில் முழு வலுவோடு மணிக்கு 98, 100 மைல் வேகத்தில் வீசும் முழங்கை எப்போது போகும் என்று எந்த மருத்துவரும் உறுதி சொல்ல மாட்டார். போனால் தசைநார் மாற்று அறுவைக்குப் பின் 12 முதல் 18 மாதம் ஆட்டம் இல்லை. பால்டிமோரின் ஃபெலிக்ஸ் பௌதிஸ்டா 2023இல் லீக்கிலேயே மிகச் சிறந்த ரிலீவர்களில் ஒருவர். ஆகஸ்டில் முழங்கைத் தசைநார் கிழிந்து 2024 முழுவதும் போயிற்று. கை நன்றாக இருந்தாலும் ரிலீவரின் ஒரு வருடம் இன்னொரு வருடத்துக்குச் சாட்சி சொல்லாது. 65 இன்னிங்ஸ் சின்ன மாதிரி. இரண்டு ஹோம் ரன் கூடுதலாகப் போனாலே ஆண்டின் கணக்கு தலைகீழாகும். எட்வின் டியாஸ் 2018இல் சியாட்டிலுக்கு 57 சேவ் எடுத்தார். டிசம்பரில் மெட்ஸ் வாங்கியது. 2019இல் ஈ.ஆர்.ஏ 5.59. பிறகு 2022இல் 1.31க்கு வந்து ஐந்து ஆண்டுக்கு 10.2 கோடி டாலர் ஒப்பந்தமும் பெற்றார், அடுத்த மார்ச்சில் உலக பேஸ்பால் கிளாசிக்கில் வெற்றியைக் கொண்டாடும்போது முழங்கால் தசைநாண் கிழிந்து 2023 முழுக்க உட்கார்ந்தார். க்ரெய்க் கிம்ப்ரல் 2021இல் சிகாகோ கப்ஸுக்கு 0.49, ஜூலைக் கடைசியில் ஊருக்குள்ளேயே வைட் சாக்ஸுக்கு மாறி எட்டாவது இன்னிங்ஸ் வீசச் சொன்னதும் 5.09. இதற்கு விலையாகக் கப்ஸ் வாங்கியது நிக் மாட்ரிகலையும் கோடி ஹாயரையும். அந்த இருவரும் பெரிதாகத் தேறவில்லை என்பது வேறு கதை. இரண்டு தரப்பும் ஏமாறும் வியாபாரமும் உண்டு.

அடுத்து ஒப்பந்தம். மேஜர் லீக்கில் ஆறு ஆண்டு சேவை முடித்தவர்தான் ஃப்ரீ ஏஜென்ட் (எந்த அணியோடும் ஒப்பந்தம் பேசக்கூடியவர்) ஆவார். 172 நாள் பட்டியலில் இருந்தால் ஓர் ஆண்டு சேவை. முதல் மூன்று ஆண்டு ஏறக்குறைய குறைந்தபட்சச் சம்பளம் (2025இல் 7.6 லட்சம் டாலர்), அடுத்த மூன்று ஆண்டு நடுவர் தீர்ப்பின்படி ஏறிக்கொண்டே போகும் சம்பளம். ஒரு க்ளோசரின் விலையை நிர்ணயிப்பது அவர் பந்தின் வேகத்தைவிட இந்த ஏணியில் அவர் எந்தப் படியில் நிற்கிறார் என்பதே. வாங்குபவர் எத்தனை அக்டோபர்களை வாங்குகிறார் என்று எண்ணுங்கள். இன்னும் இரண்டு மாதம் மட்டும் மிச்சமிருப்பவர் என்றால் ஓர் அக்டோபர். இன்னொரு வருடமும் இருந்தால் இரண்டு. இதில் ஒரு நுணுக்கமும் உண்டு: பருவத்தின் நடுவே கைமாறிய வீரருக்குப் புதிய அணி தகுதிச் சலுகை எனப்படும் ஓராண்டு ஒப்பந்தத்தை நீட்ட முடியாது, அதனால் அவர் போனால் ஈடாக டிராஃப்ட் (புது இளைஞர்களை அணிகள் முறை வைத்து எடுப்பது) தேர்வும் கிடைக்காது. முழுப் பருவமும் வைத்திருந்தால் அந்த உரிமை உண்டு. டிசம்பரில் வாங்குபவர் கொஞ்சம் கூடக் கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த விதியை உடைத்த பெரிய உதாரணம் 2016 நியூயார்க் யாங்கீஸ். அவர்களிடம் இரண்டு பேர் இருந்தார்கள். அரோல்டிஸ் சாப்மனுக்கு இரண்டு மாதம்தான் மிச்சம், மில்லருக்கு 2018 கடைசி வரை ஒப்பந்தம். சாப்மனை ஜூலை 25 அன்று கப்ஸுக்கும், மில்லரை ஜூலை 31 அன்று கிளீவ்லண்டுக்கும் விற்றார்கள். கணக்குப்படி மில்லருக்குத்தான் அதிகம் கிடைக்க வேண்டும். அன்றைக்குப் பலரும் அப்படித்தான் மதிப்பிட்டார்கள். ஆனால் நின்றது சாப்மனுக்காக வந்த க்ளேபர் டோரஸ். 2018இலும் 2019இலும் ஆல்-ஸ்டார், 2019இல் 38 ஹோம் ரன். மில்லருக்காக வந்த க்ளின்ட் ஃப்ரேசர் நிலைக்கவில்லை. அவரோடு வந்த ஜஸ்டஸ் ஷெஃபீல்டை முக்கியச் சரக்காக வைத்து 2018 நவம்பரில் ஜேம்ஸ் பாக்ஸ்டனை வாங்கிக்கொண்டார்கள், அவர் 2019இல் 15 ஆட்டம் வென்றார். இரண்டு மாதத்துக்கு டோரஸைக் கொடுக்கக் கப்ஸுக்கு என்ன பைத்தியமா என்றால், 1908க்குப் பிறகு கோப்பையே பார்க்காத அணி அது, அந்த ஆண்டு லீக்கிலேயே சிறந்த அணியும் அதுவே. உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் எட்டாவது இன்னிங்ஸில் கிளீவ்லண்டின் ராஜாய் டேவிஸிடம் சாப்மன் ஹோம் ரன் வாங்கி ஆட்டத்தைச் சமன் ஆக்கியும், பத்தாவது இன்னிங்ஸில் 8–7 என்று வென்றார்கள். அந்த டிசம்பரிலேயே சாப்மன் ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் யாங்கீஸுக்கே திரும்பினார். இவ்வளவு சுத்தமாக இரு தரப்புக்கும் பலித்த வியாபாரம் அபூர்வம். இதை முன்மாதிரியாக வைத்து யாரும் திட்டம் போடக்கூடாது.

இப்போது வாங்கும் சரக்கைப் பற்றி. ஸ்கவுட்கள் இளைஞர்களை 20 முதல் 80 வரை மதிப்பிடுகிறார்கள். 50 என்றால் மேஜர் லீக்கின் சராசரி அன்றாட வீரர். ஆண்டுதோறும் வரும் முதல் நூறு இளைஞர் பட்டியலில் இருப்பவர்களிலேயே பாதிக்கு மேல் அந்தச் சராசரியைத் தொட மாட்டார்கள். பட்டியலுக்கு வெளியே இருப்பவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரே மதிப்பெண் என்றால் பிட்சரைவிட பேட்டரே நம்பத்தக்கவர், காரணம் அதே முழங்கை. ஃபிலடெல்பியா 2015 டிசம்பரில் கென் ஜைல்ஸை ஹூஸ்டனுக்குக் கொடுத்து வாங்கிய ஐந்து பேரும் பிட்சர்கள். அதில் மார்க் அப்பெல் 2013 டிராஃப்டின் முதல் தேர்வு, வின்ஸ் வெலாஸ்கஸ் 2016 ஏப்ரலில் ஒரே ஆட்டத்தில் 16 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தவர். அப்பெல் ஆட்டத்தையே விட்டுப்போய் மீண்டும் வந்து 2022இல், 30 வயதில்தான் மேஜர் லீக்கில் முதல் பந்தை வீசினார். வெலாஸ்கஸ் அந்த ஒரு மாலையைத் திரும்ப எட்டவில்லை. எண்ணிக்கை ஐந்து என்பது நாளிதழ் தலைப்புக்கு நன்றாக இருக்கும். 45 மதிப்புள்ள மூவரைவிட 55 மதிப்புள்ள ஒருவர் மேல், ஏனெனில் களத்தில் ஓர் இடத்தில் ஒருவர்தான் நிற்க முடியும். 40 பேர் பட்டியலில் இடமும் குறைவு. 18 வயதிலோ அதற்கு முன்போ ஒப்பந்தமானவரை ஐந்து பருவத்துக்குள்ளும், 19 வயதிலோ அதற்கு மேலோ ஒப்பந்தமானவரை நான்கு பருவத்துக்குள்ளும் அந்தப் பட்டியலில் சேர்க்காவிட்டால் ஐந்தாம் விதி டிராஃப்டில் வேறு அணி எடுத்துக்கொண்டு போகலாம். நான்கு பேரை வாங்கி நவம்பரில் இருவரை இழந்த அணிகள் உண்டு.

கண்ணுக்குத் தெரியாத சரக்கே சில நேரம் பெரிதாகும். அட்லாண்டா 2015 ஏப்ரலில் கிம்ப்ரலைச் சான் டியாகோவுக்குக் கொடுத்தபோது, மிஞ்சிய 4 கோடி டாலருக்கு மேற்பட்ட மெல்வின் அப்டனின் சம்பளச் சுமையையும் சேர்த்துத் தள்ளிவிட்டது. பதிலுக்கு வந்த பெயர்களில் எல்லோரும் பேசியது மேட் விஸ்லர் என்ற பிட்சரைப் பற்றி. அவர் தேறவில்லை. அதே பொட்டலத்தில் அந்த ஆண்டு டிராஃப்டின் 41ஆவது தேர்வும் இருந்தது. அதில் எடுத்த பள்ளி மாணவன் ஆஸ்டின் ரைலி. 2021இல் கோப்பை வென்ற அட்லாண்டாவின் மூன்றாம் பேஸ்மேன். டிராஃப்ட் தேர்வுகளில் சமநிலைச் சுற்று எனப்படும் சிலவற்றை மட்டுமே கைமாற்ற முடியும், எனவே எதிரணியிடம் அது இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது நல்ல பழக்கம்.

இனி ஹேடர். அவருக்கு 2022இல் சம்பளம் 1.1 கோடி டாலர், 2023இல் 1.4 கோடியைத் தொடும் நிலை, அதன் பிறகு ஃப்ரீ ஏஜென்ட். மில்வாக்கி லீக்கின் மிகச் சிறிய சந்தைகளில் ஒன்று. எட்டாவது இன்னிங்ஸில் டெவின் வில்லியம்ஸ் தயாராக இருந்தார். ஜூலையில் ஹேடர் மோசமாக அடி வாங்கி ஈ.ஆர்.ஏ 4.24க்கு ஏறியிருந்தது. காகிதத்தில் எல்லாமே விற்கச் சொல்கிறது. வந்த நால்வரைப் பாருங்கள். டெய்லர் ராஜர்ஸ் சான் டியாகோவில் க்ளோசர் இடத்தை அப்போதுதான் இழந்தவர். அந்த ஆண்டோடு ஒப்பந்தமும் முடிகிறது. டினெல்சன் லமெட்டை இரண்டு நாளில் பட்டியலிலிருந்து நீக்கினார்கள், கொலராடோ எடுத்துக்கொண்டது. மிச்சம் இரண்டு இளைஞர்கள்: வேகமாக ஓடும் எஸ்ட்யூரி ரூயிஸ், இடக்கை பிட்சர் ராபர்ட் காஸர். அன்று 57–45 என்று இருந்த அணி அடுத்த மூன்று ஆட்டத்தையும் பிட்ஸ்பர்கிடம் தோற்றது, அந்த ஆண்டு 100 ஆட்டம் தோற்ற பிட்ஸ்பர்கிடம். மிச்சப் பருவத்தில் 29 வெற்றி, 31 தோல்வி. 86–76 என்று முடித்து, 87 வென்ற ஃபிலடெல்பியாவிடம் ஒரே ஒரு ஆட்டத்தில் கடைசி இடத்தைப் பறிகொடுத்தது.

ஹேடர் இருந்திருந்தால் அந்த ஒரு ஆட்டம் வந்திருக்குமா? சான் டியாகோவில் அந்த ஆகஸ்ட், செப்டம்பரில் அவர் ஈ.ஆர்.ஏ 7.31, சில வாரம் க்ளோசர் வேலையே அவரிடமிருந்து எடுக்கப்பட்டது. ஆகவே களக் கணக்கு மட்டும் பார்த்தால், 'ஹேடரை விற்றதால் தோற்றார்கள்' என்பது நிரூபிக்க முடியாத குற்றச்சாட்டு. அதற்கு மேல் இருப்பது உடைமாற்றும் அறையின் மனநிலை. முதலிடத்தில் இருக்கும்போது தலைவர்களில் ஒருவரை நிர்வாகம் விற்றால், 'எங்களை நம்பவில்லை' என்று மற்ற 25 பேரும் எடுத்துக்கொள்வார்கள். மில்வாக்கி வீரர்கள் அந்த வருத்தத்தை மறைக்கவில்லை. அது எத்தனை ஆட்டம் பெறும் என்று எந்தச் சூத்திரமும் சொல்லாது. சூத்திரத்தில் இல்லை என்பதற்காகப் பூஜ்யம் என்று போடுவதுதான் கணக்குத் தெரிந்தவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை என்பது என் கட்சி.

கதை அங்கே முடியவும் இல்லை. அந்த டிசம்பரில் அட்லாண்டாவும் ஓக்லண்டும் சேர்ந்த மும்முனை வியாபாரத்தில் மில்வாக்கி ரூயிஸைக் கொடுத்தது; கிடைத்தது கேட்சர் வில்லியம் கான்ட்ரேராஸும் ரிலீவர் ஜோயல் பயாம்ப்ஸும். ரூயிஸ் ஓக்லண்டில் 2023இல் 67 பேஸ் திருடினார், ஆனால் மட்டையில் சரக்கு குறைவு. கான்ட்ரேராஸ் 2023, 2024 இரண்டு ஆண்டும் நேஷனல் லீக் கேட்சர்களில் சிறந்த மட்டையாளருக்கான சில்வர் ஸ்லக்கர் விருது பெற்றார், மில்வாக்கி அந்த இரண்டு ஆண்டும் பிரிவை வென்றது. அப்படியானால் ஹேடர் விற்பனை வெற்றியா? நீண்ட காலத்தில் ஆம். ஆனால் இதை மனதில் வைத்துத்தான் ஆகஸ்டில் விற்றார்கள் என்று சொல்வது, நடந்து முடிந்த பின் எழுதிய நியாயம். ஹேடரை அக்டோபர் வரை வைத்திருந்து அதே டிசம்பரில் விற்றிருந்தாலும் வாங்க ஆள் இருந்திருக்கும், ஓர் அக்டோபர் கழிந்துவிட்டதால் விலை கொஞ்சம் குறைந்திருக்கும், அவ்வளவே.

இதை மில்வாக்கியே பிறகு செய்து காட்டியது. 2024இல் வில்லியம்ஸ் க்ளோசர். வைல்ட் கார்ட் தொடரின் மூன்றாவது ஆட்டத்தில் ஒன்பதாவது இன்னிங்ஸில் பீட் அலான்சோவிடம் மூன்று ரன் ஹோம் ரன் வாங்கிப் பருவத்தையே முடித்தார். இன்னும் ஓராண்டு ஒப்பந்தம் பாக்கி. டிசம்பரில் யாங்கீஸுக்கு விற்றார்கள். வந்தவர்கள் ஸ்டார்ட்டர் நெஸ்டர் கோர்டெஸ், கேலப் டர்பின் என்ற குள்ளமான இன்ஃபீல்டர். டர்பின் 14ஆம் சுற்று டிராஃப்ட், எந்த முதல் நூறு பட்டியலிலும் இல்லாதவர், ஆனால் மைனர் லீக்கின் உச்சப் படியில் அபூர்வமாகவே ஸ்ட்ரைக் அவுட் ஆகி ஆடிக்கொண்டிருந்தவர். கோர்டெஸ் மில்வாக்கிக்காக வீசிய முதல் மூன்று பந்தும் யாங்கீஸின் மூன்று பேரால் ஹோம் ரன் ஆனது. சீக்கிரமே முழங்கைக் காயத்தில் விழுந்தார். அந்தப் பாதி தோல்வி. மறு பாதியில் டர்பின் மூன்றாம் பேஸைப் பிடித்து, புதுமுக விருது வாக்கெடுப்பில் நேஷனல் லீக்கில் மூன்றாம் இடம் வந்தார். மினசோட்டாவிடமிருந்து சில்லறை விலைக்கு வந்திருந்த ட்ரெவர் மெகில் க்ளோசர் ஆனார். மில்வாக்கி 97 ஆட்டம் வென்று லீக்கிலேயே முதலிடம். நியூயார்க்கில் வில்லியம்ஸின் ஈ.ஆர்.ஏ 4.79. யாரும் அறையில் முணுமுணுக்கவில்லை, குளிர்காலத்தில் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள்.

ஆக, ஒரு ரசிகராக உங்கள் அணியை எப்படி அளப்பது? பிளேஆஃப் வாய்ப்பு பத்து வீதத்துக்குக் கீழே, க்ளோசருக்கு இரண்டு ஆண்டுக்கு மேல் ஒப்பந்தம் என்றால் தயங்காமல் ஜூலையிலேயே விற்கட்டும். 2025 ஜூலையில் அத்லெட்டிக்ஸ் அப்படித்தான் செய்தது. மேசன் மில்லர் மணிக்கு நூறு மைலுக்கு மேல் வீசுபவர், 2029 வரை அணியின் கட்டுப்பாட்டில் இருந்தவர், முழங்கைப் பிரச்சினை ஏற்கெனவே ஒரு முறை வந்தவர். ஸ்டார்ட்டர் ஜே.பி. சியர்ஸையும் சேர்த்துக் கொடுத்து, 18 வயது ஷார்ட்ஸ்டாப் லியோ டி வ்ரீஸையும் மூன்று பிட்சர்களையும் வாங்கினார்கள். சரியா தப்பா என்று தெரிய 2028 ஆக வேண்டும். ஆனால் எடுத்த முடிவு அன்றைய தகவலுக்குச் சரி: ஒரு பெரிய பேட்டர் நடுவில், மற்றவர்கள் ஓரத்தில். வாய்ப்பு ஐம்பது வீதத்துக்கு மேல் என்றால் ஜூலையில் தொடக்கூடாது. நடுவில் கிடக்கும் அணிகள்தான் கஷ்டம். 12 அணிகள் பிளேஆஃபுக்குப் போகும் 2022க்குப் பிந்தைய ஏற்பாட்டில் பெரும்பாலான அணிகள் அந்த நடுவில்தான் இருக்கின்றன. அங்கே ஒப்பந்தத்தைப் பாருங்கள்: இந்த ஆண்டோடு முடிகிறதென்றால் விற்பது நல்லது, ஓராண்டு பாக்கியிருந்தால் டிசம்பர் வரை காக்கலாம்.

அந்தக் காத்திருப்புக்கும் எல்லை உண்டு என்பதற்கு பிரிட்டனே சாட்சி. 2017 ஜூலையில் பால்டிமோர் பிளேஆஃபுக்கு வெகு தொலைவில் இல்லை என்று நினைத்து அவரை விற்கவில்லை. 75 வெற்றியோடு முடித்தது. டிசம்பரில் உடற்பயிற்சியின்போது அவர் குதிகால் தசைநாண் அறுந்தது. 2018 ஜூலையில், 115 ஆட்டம் தோற்கப் போகும் அணியிடமிருந்து யாங்கீஸ் அவரை மூன்று நடுத்தர பிட்சர்களுக்கு வாங்கியது. ஒரு வருடத்துக்கு முன்பு இரண்டு அக்டோபர் மிச்சமிருந்தபோது அவருக்கு இதைவிட எத்தனையோ மடங்கு கேட்டிருக்கலாம்.

நடைமுறையில் இன்னும் ஒன்று. 2019இலிருந்து ஆகஸ்ட் மாத வியாபாரம் கிடையாது. ஜூலைக் கடைசியில் (ஆணையர் ஜூலை 28க்கும் ஆகஸ்ட் 3க்கும் இடையே ஒரு நாளைக் குறிப்பார்) கதவு மூடினால் உலகத் தொடர் முடியும் வரை திறக்காது. இதனால் கடைசி மணிநேரத்தில் வாங்குபவருக்கு இருக்கும் அவசரம் விற்பவரையும் தொற்றிக்கொள்கிறது. பேச்சு முடிந்த பிறகுதான் மருத்துவ அறிக்கைகள் கைமாறும். இளைஞனின் தோள் படத்தில் ஏதாவது தெரிந்தால் மாற்றுப் பெயர் கேட்க நேரம் இருக்காது. ஆகவே விற்பதென்று முடிவான அணி ஜூலை 25 போலவே பேச்சை முடித்துவிட வேண்டும், சாப்மனை யாங்கீஸ் முடித்த மாதிரி. உங்கள் அணி கடைசி நாள் மாலை வரை பேசிக்கொண்டிருக்கிறது, கைக்கு வருவது வயதான இரண்டு ரிலீவரும் பட்டியலுக்கு வெளியே உள்ள இரண்டு பிட்சரும் என்று செய்தி வந்தால், க்ளோசரை வைத்துக்கொள்வதே மேல். டிசம்பர் குளிர்காலக் கூட்டத்தில் முப்பது அணிகளும் ஒரே ஓட்டலில் இருக்கும், எல்லோர் பட்டியலிலும் காலியிடம் இருக்கும், ஜூலையில் ஏழெட்டுப் பேர் மட்டும் கேட்ட சரக்கை இருபது பேர் கேட்பார்கள்.